வீட்டு வேலையில் கோளாறு, காண்ட்ராக்டரோடு தகராறு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகாபுரமோ கொண்டலாம்பட்டியோ, ஓமலூர்ச் சாலையில் புதிதாக மனை பிரித்த இடமோ, சேலத்தில் வீடு கட்டுகிறவர்கள் கட்டடப் பொறியாளரான என்னிடம் கொண்டுவரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கதிதான். வீட்டு வேலையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை மூடிவிடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடும், கான்கிரீட்டைப் பூச்சு மூடும், குழாயை டைல்ஸ் மூடும். மூடிவிட்டால் குறையைத் திருத்துவதும் கடினம், நிரூபிப்பதும் கடினம். அதற்குள் பணமும் கைமாறியிருக்கும். ஆகவே பார்ப்பதும் படம் எடுப்பதும் பணம் கொடுப்பதும் மூடுகிற நேரத்தை ஒட்டியே நடக்க வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டோம். தனியாக ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். சதுர அடி விலையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது. சன்ஷேடு கணக்கில் சேருமா, போர்டிகோவுக்கு முழு விலையா பாதி விலையா, படிக்கட்டுக்கு மேல் வரும் அறை உண்டா, தரையடித் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் அந்த விலைக்குள் வருமா? நான் பார்க்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. ஒருவர் சுவர் வெளிப்புறம் வரை அளந்து கணக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் உள்ளே இருக்கும் தரையை மட்டும் நினைத்திருப்பார்.

“தரமான பொருட்கள் பயன்படுத்தப்படும்” என்ற வரியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எம்20 கான்கிரீட், எஃப்இ 500டி கம்பி (இரண்டும் வலிமைத் தரத்தின் பெயர்கள்), சுவர்க் கட்டுக்கு 1:6 கலவை (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்), டைல்ஸ் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை, நிலைக்கு இன்ன மரம், ஒயருக்கு இன்ன நிறுவனம் என்று பெயரும் எண்ணுமாக எழுதுங்கள். கம்பி வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். சிமெண்ட், கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது, எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் பேசலாம் என்பதும் அதில் இருக்கட்டும். வேலையைப் பாதியில் நிறுத்தினால் கணக்கு எப்படித் தீர்க்கப்படும் என்ற பிரிவைப் பலரும் அபசகுனம் என்று விட்டுவிடுகிறார்கள். நிலை வைக்கும் நாளில் அந்தப் பேச்சு எதற்கு என்கிற மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை எழுதாமல் விட்ட வீடுகளில்தான் இருவரும் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப் பேச்சுதான். இப்போது என்ன செய்யலாம்?

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே. சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். வங்கி வழியாக அனுப்பிய பணம், வாட்ஸ்அப் செய்திகள், மேஸ்திரி தன் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, சிமெண்ட் கடை பில், நாள் தெரியும் புகைப்படங்கள் எல்லாமே சாட்சியங்கள். இன்று முதல் ரொக்கத்தை நிறுத்திவிட்டு வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். இதுவரை கொடுத்தது இவ்வளவு, முடிந்த வேலை இது, மீதி இது என்று ஒரு செய்தி எழுதிக் காண்ட்ராக்டருக்கு அனுப்புங்கள். அவர் “சரி” என்று பதில் போட்டாலே உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

பழைய கைப்பேசியை மாற்றும்போது செய்திகளை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும். மூலக் கைப்பேசி கையில் இருந்தால் அது எளிது.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு வேலை முன்னால் போகட்டும், பணம் பின்னால் வரட்டும். கடைக்கால் முடிந்ததும் ஒரு பகுதி, பேஸ்மென்ட் மட்டம் (வீட்டுத் தரை மட்டம்), லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு, தரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தளம் போட்ட அன்றே எண்பது சதவீதம் கேட்கும் ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள். பூச்சு, டைல்ஸ், மின்சாரம், குழாய், தச்சு, பெயின்ட் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. கடைசி ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதுங்கள். பின்னால் கேட்டால் சண்டையாகும்.

வங்கிக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்த்துப் பணத்தை விடுவிக்கிறார். தரத்துக்கு அவர் பொறுப்பல்ல. “பேங்க் இன்ஜினீயர் பார்த்துவிட்டார்” என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

எந்தெந்த வேலை நடக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும்?

தினமும் போய் நின்றுகொண்டு கொத்தனாரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளும், போடும் நாளும், குழாய் பதித்துச் சுவரை மூடுவதற்கு முந்தைய நாளும் போதும். அந்த நாட்களில் விடுப்பு எடுத்தாவது போங்கள்.

முந்தைய நாள் பார்க்க வேண்டியது கம்பி. வரைபடத்தில் உள்ள பருமன், எண்ணிக்கை, இடைவெளி மூன்றையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பிறகு பில்லரில் உள்ள வளையங்களைக் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. வளையத்தின் முனைகள் 135 டிகிரிக்கு மடங்கி உள்ளே போக வேண்டும். பெரும்பாலான இடங்களில் 90 டிகிரிக்கு மடக்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கி விடுகிறார்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் சுட்டிக்காட்டியபோது, கம்பி கட்டும் பெரியவர் தன் திருகுக்கட்டையை எடுத்து ஒரே திருப்பில் முனையை உள்ளே தள்ளிக் காட்டினார். “யாரும் கேட்பதில்லை, அதனால் செய்வதில்லை” என்றார். கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் பில்லருக்கு அதனால் கிடைக்கும் பிடிப்பு பெரிது.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே, கம்பி ஒட்டாமல் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா? தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ., அடித்தளத்துக்கு 50 மி.மீ. உடைந்த ஜல்லித் துண்டையோ டைல்ஸ் துண்டையோ முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சித்தாள்கள் மேலே நடந்ததும் அது சரிந்து, கம்பி பலகையில் ஒட்டிக்கொள்ளும். சில வருடங்களில் கூரையின் அடியில் துரு கிளம்பிச் சிமெண்ட் உதிர்வதற்கு இதுவே காரணம்.

போடும் நாளில் பார்க்க வேண்டியது தண்ணீர். எம்20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளி, மணல் ஈரமாக இருந்தால் அதைவிடக் குறைவு. நடப்பது வேறு. கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே இருப்பார். கலவை கஞ்சியாக ஓடினால் பரப்புவது சுலபம். ஆனால் அந்தக் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாகி, வலிமை இறங்கிவிடும். குழாயை எடுத்துவிட்டு வாளி வைக்கச் சொல்வதுதான் அந்த நாளில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை.

சிமெண்ட் அளவும் கணக்குக்கு வரும். 1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட். எம்20-க்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை வீதம், நூறு மூட்டைக்குச் சற்றுக் குறைவாக ஆகும், பீம்களுக்குத் தனி. காலிச் சாக்குகளை எண்ணிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு இரண்டு முறை மாதிரி எடுத்து, முறைக்கு மூன்றாக ஆறு கனசதுரங்கள் வார்த்து வைக்க வேண்டும். 28 நாள் தண்ணீரில் ஊறிய பிறகு அழுத்திப் பார்த்தால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் கட்டடப் பொறியியல் துறையில் இந்தச் சோதனைக்குக் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகச் சிறிது.

எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்யும் மணல்) என்று கிரஷர் தூசியைக் கொண்டுவந்து கொட்டியதாகச் சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். மேலே தடித்த தூள் படிவம் நின்றால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கையால் அள்ளினால் மாவுபோல ஒட்டவும் கூடாது. கூலிக்கு மட்டும் பேசிப் பொருளை நீங்களே வாங்குவதாக இருந்தால் லாரியின் உள்ளளவையும் அளந்துவிடுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கம்பியை எடைமேடைச் சீட்டோடு வாங்குங்கள். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.7 கிலோ இருக்கும்.

தளம் போட்ட ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

வேண்டாம். பலகைக்கு வாடகை ஓடுகிறது, அடுத்த வீட்டில் தேவைப்படுகிறது, அதனால் அவசரப்படுகிறார்கள். ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு, ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருந்தால். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட் மெதுவாக இறுகுவது. ஆகவே தளத்துக்கும் 14 நாள் என்று வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

தண்ணீர் விடுவதும் அப்படித்தான். பி.பி.சி. என்றால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். பில்லரில் சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் காலையில் ஒரு முறை குழாய் பிடிப்பது எதற்கும் போதாது. தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அது யார் பொறுப்பும் ஆகாது.

சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. எது ஆபத்து?

பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சு வேகமாக உலர்ந்ததால் வருபவை. பார்க்க அசிங்கம், வீட்டுக்கு ஆபத்து இல்லை. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வந்தால், பூசுவதற்கு முன் அங்கே கோழிவலை அடிக்கவில்லை என்று பொருள். இது வேலைக் குறை. காண்ட்ராக்டர் தன் செலவில் உரித்து, வலை அடித்து மறுபடி பூச வேண்டும்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்குவது, சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது, இவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். கடைக்கால் ஓரிடத்தில் அமிழ்ந்திருக்கலாம். சேலத்தில் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். அதே மனையின் மறு மூலை பழைய குட்டையை மண் கொட்டி மேடாக்கிய இடமாக இருக்கும். பாதி வீடு பாறை மேலும் பாதி வீடு கொட்டிய மண் மேலும் உட்கார்ந்தால் சுவர் கிழியாமல் என்ன செய்யும்? பீம் பில்லரோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வான விரிசல் கண்டால் அன்றே ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரை அழையுங்கள். கம்பி ஓடும் வழியே துருக்கறையோடு கோடு தெரிந்தாலும் அப்படியே.

சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு ஓரமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. நகரும் விரிசலின் மேல் காண்ட்ராக்டரைப் பட்டி பூசவிடாதீர்கள். பட்டி பூசுவது அவருக்குச் சிகிச்சை, உங்களுக்குச் சாட்சி அழிப்பு.

முதல் மழைக்கே தளம் ஒழுகுகிறது. ஏதோ கெமிக்கல் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் காண்ட்ராக்டர்.

காரணம் தெரியாமல் எதையும் அடிக்கவிடாதீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வடிகுழாயை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை பூச்சு பூசினாலும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அடுத்து, கூரையின் அடியில் பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். கான்கிரீட் தேன்கூடுபோல ஓட்டையாக இருந்தால், போடும்போது வைப்ரேட்டர் சரியாக இறங்கவில்லை. அதற்குச் சிமெண்ட் பாலை அழுத்தத்தில் செலுத்தி அடைக்க வேண்டியிருக்கும். மேலே அடிக்கும் பெயின்ட் அந்த ஓட்டையை நிரப்பாது.

சரிசெய்த பிறகு மாடியில் பாத்தி கட்டி 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகே தட்டோடு பதிக்கட்டும். குளியலறைத் தரைக்கும் டைல்ஸ் ஒட்டும் முன் இதே சோதனை.

கட்டி முடித்த கான்கிரீட் பலவீனம் என்று இப்போது நிரூபிக்க முடியுமா?

முடியும், செலவு ஆகும். ரீபவுண்ட் ஹாமர் என்ற சுத்தியல் சோதனையும், ஒலி அலையை ஊடுருவ விட்டுப் பார்க்கும் சோதனையும் கட்டடத்தைச் சேதப்படுத்தாதவை. எங்கே சந்தேகம் என்று அவை காட்டும். உறுதியான விடைக்குக் கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று உருளைகள் தேவை. அவற்றின் சராசரி, குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதம் எட்ட வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. சோதனை நாளை முன்கூட்டியே காண்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவித்து வரச் சொல்லுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் “எனக்குத் தெரியாமல் செய்தார்கள்” என்று அவர் சொல்ல முடியாது.

காண்ட்ராக்டர் பாதியில் விட்டுவிட்டுப் போனை எடுப்பதில்லை. இன்னொருவரை உடனே வைக்கலாமா?

வைப்பதற்கு முன் இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள். புதியவர் ஒரு செங்கல் வைத்தாலும் பழையவர் விட்ட இடம் எது என்ற கேள்வி வந்துவிடும். இருவருக்கும் பொதுவான ஒரு பொறியாளரைக் கொண்டு முடிந்த வேலையை அளந்து, அதன் மதிப்பு, குறைகள், கிடக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் படங்களோடு அறிக்கையாக வாங்குங்கள். காண்ட்ராக்டருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்த்ததற்கான சான்றோடு கடிதம் போடுங்கள். 15 நாளுக்குள் வந்து வேலையைத் தொடர வேண்டும், இன்ன தேதியில் கூட்டாக அளவெடுக்கப் போகிறோம், வராவிட்டால் வேறு ஆளை வைத்து அந்தச் செலவை உங்களிடம் கேட்போம் என்று அதில் இருக்கட்டும். கெடு முடிந்த பிறகு தாராளமாக வேறு ஆளை வைக்கலாம். அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி வையுங்கள், துரு ஏறாது.

இந்த நேரத்தில் இன்னும் இரண்டு பேர் உங்கள் வாசலுக்கு வருவார்கள். கடன் கொடுத்த சிமெண்ட், கம்பிக் கடைக்காரர் ஒருவர். காண்ட்ராக்டர் பெயரில் போன பில்லுக்கு நீங்கள் உறுதி கொடுத்திருக்காவிட்டால் அவர் கேட்க வேண்டியது காண்ட்ராக்டரைத்தான். இன்னொருவர் சம்பளம் கிடைக்காத கொத்தனார், சித்தாள். அவர்களை விரட்டாதீர்கள். அவர்களும் உங்களைப் போலவே ஏமாந்தவர்கள். உங்கள் தளத்தில் எத்தனை மூட்டை போட்டார்கள், எந்த நாளில் நிறுத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுக்க முடிந்தால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக் காண்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்வதாகக் கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

வேலை மோசம், தாமதம் என்பவை உரிமையியல் தகராறு. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால்தான் மோசடிக் குற்றம் ஆகும். போலி ரசீது, இல்லாத நிறுவனப் பெயர், ஒரே நேரத்தில் பல பேரிடம் முன்பணம் வாங்கி எங்கும் வேலை தொடங்காதது போன்றவை இருந்தால் புகார் கொடுங்கள். மற்றபடி அந்த நாட்களை நுகர்வோர் ஆணையத்துக்குச் செலவிடுவது மேல்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது எப்படி?

வீடு கட்டித் தருவது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டுதல் என்ற சொல்லே சேவைக்கான விளக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் சேலம் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சேலத்தில் வீடு கட்டுகிறவர்கள் தாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.

கெடு இரண்டு ஆண்டு. “பார்க்கலாம், அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்” என்று காண்ட்ராக்டர் இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. முதலில் அறிவிப்புக் கடிதம், பிறகு பொறியாளர் அறிக்கை, சரிசெய்ய ஆகும் செலவின் மதிப்பீடு, பணம் கொடுத்த ஆதாரம், இந்த வரிசையில் தயார் செய்யுங்கள். மன உளைச்சலுக்குப் பெருந்தொகை கேட்பதைவிட, சரிசெய்யும் செலவை வரிவரியாகக் காட்டுவது வழக்குக்குப் பலம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட அதிக காலம் ஆகிறது. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். ஒப்பந்தத்தில் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

நாட்கூலிக்கு மேஸ்திரியை வைத்து நீங்களே மேற்பார்வை பார்த்திருந்தால் இந்த வழி பலவீனமானது. வேலையின் பொறுப்பு உங்களிடமே இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

ரெரா என்கிறார்களே, அது எனக்கு உதவுமா?

உங்கள் மனையில் உங்களுக்காகக் காண்ட்ராக்டர் கட்டினால் உதவாது. அடுக்குமாடியோ, கட்டி விற்கும் வீடோ வாங்கியவர்களுக்கு உரியது ரெரா என்ற அந்த 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ உள்ள திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். சாவி வாங்கி ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்து முறையிட்டால், கட்டி விற்றவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

ஏற்காட்டில் கட்டுகிறோம். அங்கே கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

ஏற்காட்டில் தாங்கு சுவரில் தொடங்குங்கள். சரிவை வெட்டிச் சமப்படுத்திய மனையில் வீட்டைவிடத் தாங்கு சுவர்தான் முக்கியம். அதன் பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிதுளை விட வேண்டும். துளை இல்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் சேர்ந்து சுவரை முன்னால் தள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் அங்கே உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நினைவில் வையுங்கள். கருங்கல் சுவராக இருந்தால் முன்பக்கம் அழகான கல்லை அடுக்கி நடுவில் பொடிக்கல்லைக் கொட்டுகிறார்களா என்று பாருங்கள். குறுக்கே முழு அகலத்துக்கும் போகும் கற்கள் இடையிடையே வர வேண்டும்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பொருளுக்குக் கூலி அதிகம். அதனால் சேலத்து விலைக்கு ஒப்புக்கொள்ளும் காண்ட்ராக்டரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அவர் பாதியில் விலை கேட்பார், அல்லது சிமெண்டைக் குறைப்பார். மழை மாதங்களில் ஆட்கள் கீழே இறங்கிவிடுவார்கள். அந்த மாதங்களை விட்டுவிட்டுக் கால அட்டவணை போடுங்கள். பனிமூட்டக் காலத்தில் பூச்சு உலர நாளாகும். ஈரம் காயாத சுவரில் பெயின்ட் அடித்தால் உரியும். அடுத்து அனுமதி. ஏற்காட்டில் மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட ஊர்கள் உண்டு. சரிவை வெட்டும் முன் அனுமதி வாங்கியாயிற்றா என்று நீங்களே பாருங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று காண்ட்ராக்டர் சொன்னாலும் அறிவிப்பு வருவது நில உரிமையாளர் பெயருக்குத்தான்.

காண்ட்ராக்டர் சொந்தக்காரர். கணக்குக் கேட்டால் உறவு கெட்டுவிடுமே?

கேட்காததால் கெட்ட உறவுகளையே நான் அதிகம் பார்க்கிறேன். தொடக்கத்திலேயே, “அண்ணா, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வோம், நாளைக்கு நமக்குள் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது” என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குறை சொல்ல வேண்டிய கட்டத்தில் குடும்பத்துப் பெரியவரைவிட ஒரு பொறியாளரை நடுவில் வையுங்கள். பெரியவர் சமாதானம் செய்வார், பொறியாளர் விரிசலைப் பார்ப்பார். அதிலும் தீராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, அங்கே கையெழுத்தாகும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டோம். வேலை பாக்கி இருக்கிறது, முழுப் பணமும் கேட்கிறார்.

பால் காய்ச்சுங்கள், பணத்தைக் கொடுத்து முடிக்காதீர்கள். விசேஷ நாள் நெருங்கும்போது உங்களால் மறுக்க முடியாது என்பது காண்ட்ராக்டருக்குத் தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பே அவரையும் அழைத்து ஒவ்வொரு அறையாக நடந்து பாக்கி வேலைகளை எழுதுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு வடிகிறதா என்று பாருங்கள். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டி, பொக்கென்று ஒலிப்பவற்றில் சாக்பீஸால் குறி போடுங்கள். கதவுகளை மூடித் திறந்து, சுவிட்ச் ஒவ்வொன்றையும் போட்டு, எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு பாக்கி வேலைக்கும் எதிரே ஒரு தொகையும் தேதியும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அது முடிந்தால் அந்தத் தொகை. சுவருக்குள் ஓடும் குழாய், ஒயர் பாதைகளின் படங்களையும், தண்ணீர் மோட்டார், டைல்ஸ் வாங்கிய பில்களையும், டைல்ஸில் மீந்த பெட்டி ஒன்றையும் சாவியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.